சி.டி.எச். சாலையில் இரண்டு அதிகாரம்

2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஒரே ஆணையரின் கீழ் வந்தன. உணவுப் பாதுகாப்பு நிர்வாகம் அப்படியல்ல. அது வருவாய் மாவட்ட எல்லையைப் பின்பற்றுகிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடும் 2018-இல் சென்னை மாவட்டத்தோடும் இணைந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அதனால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பிரியாணிக் கடைகள் வேறு வேறு மாவட்டங்களின் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர்களுக்குக் கட்டுப்பட்டவை.

எல்லை வேறானாலும் சட்டம் ஒன்றுதான். 1954-இன் கலப்படத் தடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. தள்ளுவண்டிக்காரர் உட்படச் சிறு வணிகர்கள் பதிவு செய்துகொண்டால் போதும். பெரிய வணிகர்கள் உரிமம் பெற வேண்டும். இரண்டுக்கும் 14 இலக்க எண் உண்டு.

சட்டத்தின் உயிர்நாடி மாதிரி எடுப்பதுதான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்காரருக்கு விலை கொடுத்தே பொருளை வாங்குகிறார். அதை நான்கு பங்காக்கி முத்திரையிடுகிறார். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகிறது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசின் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. இரண்டு பங்குகள் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறொரு கூடத்துக்கு அனுப்பப்படும். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். தரம் குறைவென்றால் வழக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் செல்கிறது, அபராதம் ரூ.5 லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவு என்றால்தான் குற்றவியல் நீதிமன்றம்.

லேபிள் ஒட்டிய எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. தொழிற்பேட்டை வாசலில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும் சட்னிக்கு 14 நாள் கழித்து வரும் அறிக்கையால் பெரிய பயன் இல்லை. அங்கே நேரடி ஆய்வும், குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பும்தான் வேலை செய்கின்றன. அதற்கும் இணங்காவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். பஜ்ஜிக் கடை எண்ணெய்க்கு மட்டும் ஒரு வசதி உண்டு: மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 2018 ஜூலை விதி மீறப்படுகிறதா என்று, கையடக்கக் கருவியை வாணலியில் நனைத்து அங்கேயே சோதித்துவிடலாம்.

கேன் தண்ணீருக்கான விதியும் மாறியிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற நிபந்தனை 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே குடிநீர் அதிக இடர் கொண்ட உணவு வகையில் சேர்க்கப்பட்டதால், ஆலைகளுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு.