உங்களுக்குத் தெரியுமா? - ஊர்ப் பெயருக்குள் ஒரு ரம்பம்

★ தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்தின் பெயருக்குள் ஒரு ரம்பம் இருக்கிறது! ஆங்கிலத்தில் 'சா' என்றால் ரம்பம். 'சாயர்' மரம் அறுப்பவர். அந்தத் தொழிலால் வந்த குடும்பப் பெயரைக் கொண்ட சாமுவேல் சாயர், கிறிஸ்தவத்தைத் தழுவியதால் துன்புறுத்தப்பட்ட மக்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்தார். நன்றி மறக்காதவர்கள் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

★ மில் வருமுன், மரத்தை அறுக்கக் குழிக்கு மேலே ஒருவர், உள்ளே ஒருவர் நின்று நீள வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கோடு பிசகாமல் பார்த்துக்கொள்வார். கீழே நிற்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள். பெரிய ஆளை 'டாப் சாயர்' என்பது பழைய ஆங்கில வழக்கு. தூளில் நனைந்தவருக்கும் ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்!

★ பள்ளியில் 'சீ, சா, சீன்' என்று ஒப்பித்தோமே, அந்தச் 'சா' பார்த்தது. 'ஓல்ட் சா' என்றால் பழமொழி. அது 'ஸே' என்ற சொல்லுக்கு உறவு. ரம்பத்தின் 'சா'வையும் சேர்த்து மூன்றும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்தில் சேர்ந்தவை.

★ 1842-ல் சாயர்புரம் வந்து கல்விப் பணி செய்த ஜி.யு.போப், 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

★ மிசிசிப்பி ஆற்றில் வேரோடு சாய்ந்து, நீரோட்டத்தில் மேலும் கீழும் ஆடும் மரத்துக்கும் 'சாயர்' என்றே பெயர். படகைக் கிழித்துவிடும். அந்த ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய மார்க் ட்வெயின்தான், 1876-ல் டாம் சாயரைப் படைத்தார்.

★ நம்மிடம் ரம்பம் என்றால் ஆளையும் குறிக்கும். "அவனா? சரியான ரம்பம்!" என்றால் பேசியே கொல்பவன்.

★ மன்னார் வளைகுடாவின் ரம்பம், வேளா மீன். இருபுறமும் பல் வைத்த நீண்ட மூக்கு. பார்த்தால் சுறா, உண்மையில் திருக்கை இனம், செவுள் அடிப்பக்கம் இருக்கும். கலங்கிய நீரிலும் இரையின் மெல்லிய மின்னதிர்வை அந்த மூக்கே கண்டுபிடித்துவிடும். சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டு நெய்தல் மக்கள் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் மூக்கின் அந்தப் பற்களே வேளாவுக்கு எமன். வலையில் மாட்டினால் தானாக விடுபட முடியாது. இன்று உலகெங்கும் அருகிவிட்டது. 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், வலையில் உயிரோடு வந்தால் கண்ணியை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.