அறுபதில் ஒன்று, ஏழில் ஒன்று: நெய்வேலிக்கு ஒரு யூதக் கணக்கு

குறிஞ்சிப்பாடியில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஆண்டுக்கு 600 யூனிட். அது முழுவதும் பக்கத்திலுள்ள நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் விளைந்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி எரிகிறது. ஆக, 600 கிலோ.

அந்த 600 கிலோவை எடுக்க அதன் மேலிருக்கும் மண்ணை அகற்ற வேண்டும். டன்னுக்குச் சுமார் 5.5 கன மீட்டர் என்ற விகிதத்தில் 3.3 கன மீட்டர் மண். கொத்தனார் கணக்கில் 116 கன அடி, ஒரு யூனிட் மணல் லோடுக்கும் சற்று அதிகம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாமலிருக்க, இரவும் பகலும் நீரை இறைத்தபடியே இருக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு 12 முதல் 13 டன் நீர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் நம் வீட்டின் பங்கு 7,000 லிட்டருக்கு மேல். புகைபோக்கி வழியே வெளியேறும் கரியமில வாயு சுமார் 660 கிலோ. ரசீதில் பூஜ்யம் என்று அச்சாகும் மின்சாரத்துக்கு மண்ணும் நீரும் காற்றும் கொடுக்கும் விலை இது.

இந்தக் கணக்கை யூதர்களின் பழஞ்சட்டத்தோடு வைத்துப் பார்க்கத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. இயற்கையிடம் அன்பு காட்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அந்தச் சட்டம் நகர்ந்துவிடுவதில்லை. எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்கிறது. வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு அறுக்காமல் விட வேண்டும். அது அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. நம் ஏக்கருக்கு அது 1.67 சென்ட். தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கலாம். நிலையான களத்துமேட்டுக்கும் அதே 50 முழம், பதர்த் தூசு ஊருக்குள் பறந்து வராமலிருக்க. நிலம் ஆறு ஆண்டு விளையலாம், ஏழாம் ஆண்டு ஓய்வு. அந்த ஆண்டில் தானாக முளைப்பது ஏழைக்கும் விலங்குக்கும் பொது. கடைசி ஓய்வாண்டு 2021 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்கும்.

விவிலியத்தில் உபாகமத்தின் 20ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. பகைவனின் ஊரை முற்றுகையிடும்போதுகூடக் காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது. பின்வந்த அறிஞர்கள் இந்த ஒரு விதியிலிருந்து, ‘அழிக்காதே’ என்று வீணடிப்புக்கு எதிரான முழுச் சட்டத்தையே எழுப்பினார்கள். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் போட்ட பட்டியலில் பாத்திரம் உடைப்பவனோடும் உணவைப் பாழாக்குபவனோடும் ஊற்றை அடைப்பவனும் இருக்கிறான்.

போரிலும் மரத்துக்கு விலக்கு. நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் 2023 ஜூலை 26 அன்று போர் எதுவும் இல்லை. சுரங்கத்துக்காகத் திருப்பப்படும் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, பச்சை நெல் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. கால்வாயின் 12 கிலோமீட்டரில் வெட்ட மீதமிருந்தது ஒன்றரைக் கிலோமீட்டர். நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்பது நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் வாதம். அது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். நிலத்தை வாங்கியவருக்குக் கதிர் அறுபடும் வரை பொறுப்பதில் என்ன நட்டம்? பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் வகுத்தது. சென்ட்டுக்கு 400 ரூபாய்.

இதே மண்ணில்தான் வாடிய பயிருக்காக வாடிய வள்ளலார் வாழ்ந்தார். 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தோருக்காக அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிறது. ஊர்மக்கள் அவருக்குக் கொடுத்த நிலம் 80 காணி, சுமார் 106 ஏக்கர். யூதச் சட்டம் வயலோரத்தில் ஒதுக்கிய பங்கை வடலூர் அடுப்படியில் ஒதுக்கியது. நம்மிடம் கருணை குறைவில்லை. அதற்கு அளவு எழுதாமல் விட்டதுதான் குறை.

எழுதினால் எப்படி இருக்கும்? நெய்வேலியின் மூன்று சுரங்கங்களுக்கும் நெடுங்காலம் சொல்லப்பட்ட ஆண்டுத் திறன் 2.85 கோடி டன். ஓய்வாண்டுக் கணக்கில் ஏழில் ஒன்று 40.7 லட்சம் டன். அது மண்ணிலேயே கிடந்தால் சுமார் 45 லட்சம் டன் கரியமில வாயு வானேறாது. ஓய்வைச் சட்டமாக்கியவர்களுக்கே அதைக் காப்பது எளிதாக இல்லை. 1888-89 ஓய்வாண்டில், நிலத்தைப் பேருக்கு வேற்றினத்தாரிடம் விற்றுப் பயிர்செய்யும் ஏற்பாடு பிறந்தது. ஆனால் மீறுகிறோம் என்பதாவது அங்கே தெரிந்திருந்தது. இங்கே மீறுவதற்கு ஒரு வரம்பே இல்லை.

நெய்வேலியால் நன்மையில்லை என்று நான் சொல்லவில்லை. 1956இல் தொடங்கிய நிறுவனம் தமிழகத்துக்கு வெளிச்சம் தந்திருக்கிறது. சுரங்கநீர் வாலாஜா ஏரிக்கு வந்து வயல்களுக்குப் பாய்கிறது. அதையும் வரவில் எழுதத்தான் வேண்டும்.

யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் ரப் சூத்ரா என்பவரின் தீர்ப்பு ஒன்று உண்டு: எரியும் எண்ணெய் விளக்கை மூடி, எண்ணெயை வேகமாகச் செலவாக்குபவனும் அழிக்காதே என்ற விதியை மீறியவனே. இதைக் குறிஞ்சிப்பாடி வீட்டில் போட்டுப் பார்த்தேன். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி, நாளுக்கு 5 மணி நேரம்: ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சம். நிலக்கரி 93 கிலோ, மண் 18 கன அடி, நீர் 1,100 லிட்டருக்கு மேல், கரியமில வாயு 102 கிலோ.