கைக்கேற்ற கருவி எது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் புதியதொரு வழக்கு எழுகிறது. வாதி, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த மகன். பிரதிவாதி, பெங்களூரில் கட்டட வேலை செய்து, வாரக் கூலியோடு தருமபுரிக்குப் பேருந்து ஏறும் தந்தை. "கன்ட்ரோலர் இல்லாமல் விளையாடவே முடியாதுப்பா" என்பது மகனின் வாதம். "மவுசும் கீபோர்டும் இருக்குதே, அதெல்லாம் எதுக்கு?" என்பது தந்தையின் மறுப்பு. தீர்ப்புக் கூற வேண்டிய தாயோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

இது நகைத்து ஒதுக்கிவிடத் தக்க வழக்கன்று. பெயர் பெற்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. அந்தத் தொகையில் ஒரு தொழிலாளியின் பல நாள் வியர்வை அடங்கியுள்ளது. ஆகவே மகன் சொல்வதில் உண்மை எவ்வளவு, தந்தை சொல்வதில் நியாயம் எவ்வளவு என்று சற்றே நிதானமாக ஆராய்வோம். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கக் களைக்கொத்து. வரப்பைச் சீராக்க மண்வெட்டி. இரண்டில் எது சிறந்தது என்று எந்த உழவரும் கேட்பதில்லை. என்ன வேலை என்றுதான் முதலில் கேட்பார். விளையாட்டுக் கருவிகளின் நிலையும் அதுவே.

கருவிகள் பிறந்த கதை

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்து இளைஞர்கள் 'ஸ்பேஸ்வார்' என்னும் கணினி ஆட்டத்தை உருவாக்கினார்கள். முதலில் கணினியின் முகப்பிலிருந்த சிறு சிறு பொத்தான்களைத் தட்டியே ஆடினார்கள். அது கைக்கு வசதியாக அமையவில்லை. எனவே கையில் பிடித்து ஆடத்தக்க தனிப் பெட்டிகளைத் தாங்களே செய்து கொண்டார்கள். ஆட்டம் பிறந்த கையோடு அதற்கெனத் தனிக் கருவியும் தேவைப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மவுஸ் பிறந்ததோ விளையாட்டுக்காக அன்று. டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் அறிஞர், அறிவுப் பணிகளுக்குக் கணினியைத் துணையாக்க எண்ணி அதை உருவாக்கி, 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். விசைப்பலகை அதனினும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டச்சுப் பொறியின் நேர் வாரிசு. ஆக, இவ்விரண்டும் அலுவலகத்திலிருந்து விளையாட்டுக்கு வந்தவை. கன்ட்ரோலரோ விளையாட்டுக்கென்றே வளர்ந்தது. 1982-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் கும்பெய் யோகோய், இடக்கைக் கட்டைவிரலால் நான்கு திசையும் இயக்கும் சிலுவை வடிவப் பொத்தானை அமைத்தார். 1997-இல் சோனி நிறுவனத்தின் 'டூயல்ஷாக்', இரு கட்டைவிரல்களுக்கும் இரு சிறு குச்சிகளையும், கையில் உணரத்தக்க அதிர்வையும் ஒருங்கே தந்தது. இன்று கடைகளில் விற்கும் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

சுட்டுவதும் திருப்புவதும்

இக்கருவிகளுக்கிடையே உள்ள அடிப்படை வேறுபாட்டை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

தொலைவில் நிற்கும் மாமரத்தில் ஒரு காயைக் காட்ட வேண்டுமென்றால் விரலை நீட்டிவிடுகிறோம். கண் போன இடத்திற்குக் கை போகிறது. மவுசின் இயல்பு இது. கையை எவ்வளவு நகர்த்துகிறோமோ அதற்கேற்பக் குறியும் நகரும். கை நின்றால் குறியும் நிற்கும். கன்ட்ரோலரின் குச்சியோ மாட்டு வண்டியைத் திருப்புவது போன்றது. குச்சியைச் சாய்த்திருக்கும் வரை பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு விரைவாகத் திரும்பும். சரியான கணத்தில் விடாவிட்டால் குறியைத் தாண்டிப் போய்விடும். எனவே ஒரு புள்ளியை நொடியில் தொடுவதற்கு மவுசே வல்லது.

இனி விசைப்பலகையைக் காண்போம். சாதாரண விசைக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: அழுத்தியது, அழுத்தாதது. நடுவில் ஒன்றுமில்லை. கன்ட்ரோலரின் குச்சியும், ஆள்காட்டி விரலுக்கு எட்டும் விசைவில்லும் அப்படியல்ல. கால்பங்கு, அரைப்பங்கு என அளவறிந்து இயக்கலாம். தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். முழு வேகம் அல்லது முழுத் தடை என்னும் இரண்டே நிலைகள் அவருக்கு இருக்குமாயின், அந்த வளைவுகளில் வண்டி என்னாகும்? அளவோடு மிதிப்பதிலும் அளவோடு திருப்புவதிலும் அன்றோ உயிர்கள் காக்கப்படுகின்றன!

எந்த ஆட்டத்திற்கு எது?

மேற்கண்ட வேறுபாட்டைக் கொண்டு விளையாட்டுகளை வகைப்படுத்துவோம்.

முதலாவது, வாகனப் பந்தய ஆட்டங்கள். திருப்புவதும் வேகமும் படிப்படியாக அமைய வேண்டியிருப்பதால் இங்கே கன்ட்ரோலரே ஏற்றது. விசைப்பலகையால் ஆடுபவன் விசையை விட்டு விட்டுத் தட்டி வளைவைக் கடக்க வேண்டியுள்ளது. வண்டியில் உள்ளது போன்ற சுழல்வட்டும் மிதிகளும் இதற்கு இன்னும் பொருத்தமானவை. ஆயின் அவற்றின் விலை மிக அதிகம்.

இரண்டாவது, கால்பந்து போன்ற விளையாட்டுகளும், 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' போன்று ஓடித் தாண்டும் ஆட்டங்களும். இவற்றில் எங்கும் குறி வைக்க வேண்டியதில்லை. எல்லாத் திசையிலும் ஓடுவதும் உரிய கணத்தில் பொத்தானை அழுத்துவதுமே தேவை. கன்ட்ரோலர் இங்கும் முந்துகிறது. எனினும் விசைப்பலகையாலும் இவற்றை நன்றாகவே ஆட இயலும்.

மூன்றாவது, துப்பாக்கி ஏந்திக் குறி பார்க்கும் ஆட்டங்கள். 1996-இல் 'குவேக்' வந்த பின்னர், மவுசால் பார்வையைத் திருப்பி, விசைப்பலகையில் இடக்கையால் நடக்கும் முறை வேரூன்றியது. குறியின் துல்லியத்தில் கன்ட்ரோலர் இதற்கு ஈடாகாது. ஆகவேதான் 2001-இல் 'ஹேலோ' முதலிய ஆட்டங்கள் கன்ட்ரோலருக்கு வந்தபோது, குறியை இலக்கின் பக்கம் சற்றே இழுத்துத் தரும் மறைமுக உதவியும் ஆட்டத்திற்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அந்த உதவி நியாயமா என்று இரு சாராரும் இன்றளவும் வழக்காடி வருகின்றனர். இவ்வகை ஆட்டங்களில் வன்முறை மிகுதி என்பதால், கருவியை விசாரிக்கு முன் எந்த வயதினர்க்கு உரிய ஆட்டம் என்பதைப் பெற்றோர் விசாரிப்பது நன்று.

நான்காவது, படை திரட்டி ஊர் அமைக்கும் வியூக ஆட்டங்கள். 1997-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இதற்குத் தக்க சான்று. நூற்றுக்கணக்கான வீரர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து ஆணையிட வேண்டுமாதலால் மவுஸ் இன்றியமையாதது. சதுரங்கமும் இத்தகையதே. 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகை சூடிய பின் இணையத்தில் சதுரங்கம் ஆட விரும்பும் பிள்ளைக்குக் கன்ட்ரோலர் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற மற்போர் ஆட்டங்கள். கன்ட்ரோலர், பெரிய கைப்பிடிக் குச்சி, வெறும் பொத்தான் பலகை ஆகிய மூன்றையும் தேர்ந்த வீரர்கள் கையாளுகிறார்கள். விசைப்பலகையும் தகும். ஆனால் விலை குறைந்த சில பலகைகளில் மூன்று நான்கு விசைகளை ஒருசேர அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போவதுண்டு.

மின்விளையாட்டு முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டு 2023-இல் நடந்தது. அங்கே 'டோட்டா 2', 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆகியவை மவுஸ், விசைப்பலகையால் ஆடப்பட்டன. பிற சில ஆட்டங்கள் கைப்பேசியின் தொடுதிரையில் ஆடப்பட்டன. அனைத்திற்கும் தலையாயது என்று முடிசூட்டத்தக்க கருவி எதுவும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரே திரையில் இருவர்

குடும்பத்தை மனத்திற் கொண்டு ஒன்று சொல்வோம். மவுசும் விசைப்பலகையும் ஒருவருக்கே உரிய இருக்கையைக் கேட்பவை. மேசையின் முன் ஒருவன் அமர்ந்தால் மற்றவர் முதுகையே பார்க்க வேண்டும். கன்ட்ரோலர்கள் இரண்டு இருந்தாலோ அண்ணனும் தங்கையும் அருகருகே அமர்ந்து ஒரே திரையில் ஆடலாம். தோற்றவர் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு எழலாம். கதவை அடைத்துக்கொண்டு தனித்து ஆடும் பிள்ளையைக் கூடத்திற்கு அழைத்துவர இது ஒரு வழியாகக்கூடும். மகனின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுவே. பாவம், அதை அவன் எடுத்துரைப்பதே இல்லை!

தந்தையின் பக்கமும் ஒரு வலுவான வாதம் உண்டு. விசைப்பலகையில் பழகிய விரல்கள் பிழைப்புக்கும் உதவுகின்றன. அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியவர்க்கு அரசுப் பணிக்குச் செல்லும் வாயில் ஒன்று திறந்திருப்பதை நம் மாவட்டத்தார் நன்கு அறிவர். விளையாட்டு தட்டச்சைக் கற்பிக்காது என்பது மெய்தான். ஆயினும் கணினியின் முன் அமரும் கூச்சத்தை அது போக்கிவிடுகிறது.

கை வலுவற்ற பிள்ளைகளுக்கு

இதுகாறும் கூறியவை இரு கைகளும் பத்து விரல்களும் இயங்குவோர்க்கே பொருந்தும். பிறவியிலேயே கை குறைந்த பிள்ளைகளும், தசை வலுவிழந்த பிள்ளைகளும் நம் ஊர்களில் இல்லையா? 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவர்களுக்கென்றே ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. அதில் உள்ளங்கை அளவுப் பொத்தான்கள் இரண்டு உள்ளன. பின்புறம் உள்ள 19 துளைகளில் தனித்தனிப் பொத்தான்களைச் செருகிக் காலடியிலோ, முழங்கையருகிலோ, தாடையின் கீழோ வைத்துக்கொள்ளலாம். சோனி நிறுவனமும் 2023-இல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைக்குக் கன்ட்ரோலர் ஆடம்பரமன்று. மற்றப் பிள்ளைகளோடு சமமாக அமரக் கிடைத்த இடம். வசதி படைத்தோர் இவ்வாறான ஒரு கருவியைச் சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு வழங்கினால் அது வீண் செலவாகாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

எனவே, பெற்றோரே, வழக்கு உங்கள் முன் வரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். மகனே, நீ ஆடுவது எந்த ஆட்டம்? அந்த ஆட்டம் கன்ட்ரோலரை ஏற்குமா? வீட்டில் உள்ளதைக் கொண்டு ஒரு மாதம் ஆடிப் பார்த்தாயா? அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டிலிருந்தால், அதன் தொடுபலகையில் ஆடுவது எவர்க்கும் கடினமே. சில நூறு ரூபாய்க்கு ஒரு மவுஸ் வாங்கினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். பந்தயமும் கால்பந்துமே பிள்ளையின் விருப்பமாயின், நண்பனிடம் ஒருநாள் இரவல் பெற்றுப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலர் வாங்கலாம்.

எக்கருவியாயினும் நெடுநேரம் ஓயாது இயக்கினால் மணிக்கட்டும் கட்டைவிரலும் நோகும். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுடிஸ் கணினியில் தேர்ந்த இளைஞர். விளையாட்டிலும் விருப்பம் உடையவர். ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக் கொண்டார் என்பர். கருவியைத் தேர்ந்து கொடுக்கும் நாளிலேயே அதற்குரிய நேரத்தையும் பிள்ளையோடு அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அப்போது தந்தையின் கூலிக்கும் மதிப்பு இருக்கும். மகனின் ஆசைக்கும் இடம் இருக்கும்.