மாண்டெல் துரத்திய பலூன்

1948 ஜனவரி 7, பிற்பகல். அமெரிக்காவின் கென்டக்கியில், ஃபோர்ட் நாக்ஸ் ராணுவ முகாம் வானத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. அந்தப் பக்கம் வந்த போர் விமானங்களிடம் என்னவென்று பார்க்கச் சொன்னார்கள். கேப்டன் தாமஸ் மாண்டெல் ஏறினார். கூட வந்தவர்கள் 22,000 அடி வாக்கில் திரும்பிவிட, அவர் மட்டும் விடாமல் ஏறினார். விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 25.

22,000 அடி என்றால் நம் ஆனைமுடியைப் போல் இரண்டரை மடங்கு. அங்கே காற்றழுத்தம் பாதிகூட இல்லை. மாண்டெலிடம் ஆக்ஸிஜன் கருவி இல்லை. அந்த உயரத்தில் மூளை மங்கும். மங்குவது விமானிக்கே தெரியாது என்பதுதான் ஆபத்து.

அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்றது விமானப்படை. பட்டப்பகலில் வெள்ளியைத் தேடிப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். பறக்கும் தட்டு சுட்டுவிட்டது என்று வதந்தி கிளம்பியதில் வியப்பில்லை. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், ‘ஸ்கைஹுக்’ பலூன். கடற்படையின் ரகசியத் திட்டம் அது. விசாரித்த விமானப்படைக்கே தெரியாது.

மளிகைக்கடைப் பை போன்ற மெல்லிய பாலிதீனால் ஆனது அந்தப் பலூன். தரையில் கொஞ்சமே வாயு நிரப்புவார்கள். மேலே போகப்போக வெளியழுத்தம் குறைவதால் உப்பி, 30 மீட்டர் அகலத்துக்கு விரியும். 30 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். வெயில் பட்டால் உலோகம்போல் மின்னும். வானத்தில் அளவுகோல் கிடையாது. தொலைவில் உள்ள பெரிய பொருள், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். மாண்டெலின் விமானத்தால் அந்த உயரத்தை எட்டவே முடியாது.

இந்தியாவில் இத்தகைய பலூன்களை ஹைதராபாத்திலிருந்து பறக்கவிடுவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். நம் தேனி மாவட்டப் பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்தை முன்னெடுத்த அதே நிறுவனம்தான். காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கப் பலூன் மேலே போகிறது, நியூட்ரினோ ஆய்வுக்கு அவை தொல்லை தராமலிருக்கப் போடி மலையைக் குடையத் திட்டமிட்டார்கள். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் அப்படியொரு பலூனின் கலம் வயலில் இறங்க, வேற்றுக்கிரக வாகனம் என்று ஊரே திரண்டது.

நமக்கு மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்திலிருந்தும் வானிலைத் துறை சிறிய ரப்பர் பலூன்களை விடுகிறது. அவை வெடித்ததும் அவற்றில் தொங்கும் கருவி காற்று போன திசையில் விழும். திராட்சைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கிடந்தால், பதறாமல் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பேட்டரியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.