படகடியில் துளை, தொட்டியில் உயிர் இரை

படகு கட்டும் தச்சர்கள் பலகை இடுக்கு ஒன்றுவிடாமல் கலப்பத்து அடிப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரக் கூடாது. லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் தனித்துக் கிடக்கும் மினிக்காய்த் தீவின் தச்சர்களும் அப்படித்தான் அடைப்பார்கள். அடைத்து முடித்தபின் நடுப்படகின் அடியில் அவர்களே துளை போடுவார்கள். அந்தத் துளைகளுக்கு அளவெடுத்த கட்டை அடைப்பான்களும் உண்டு. அடைப்பானைப் பிடுங்கினால் கடல் உள்ளே ஏறும். ஏற வேண்டும் என்பதுதான் திட்டம்.

'மாஸ் ஓடி' என்று மினிக்காயில் பெயர்பெற்ற இந்தப் படகுகளின் வயிற்றில் இருப்பது உயிர் இரைத் தொட்டி. தெற்கே மாலத்தீவின் சூரைத் தோணிகளிலும் இதே ஏற்பாடுதான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சம்பலில் இடித்துப் போடும் மாசி, இந்தக் கடல்களில் தூண்டிலில் தூக்கிய சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தது. அந்தச் சூரையைப் பிடிக்க வலையைவிட முக்கியமான கருவி, உயிரோடு துள்ளும் விரலளவு மீன்.

சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் படகிலிருந்து ஒருவர் இரைமீனை அள்ளி வீசத் தொடங்குவார். கூடவே கடல்மேல் தண்ணீரைத் தெளிப்பார்கள். சிறுமீன் கூட்டம் மேற்பரப்பில் துள்ளுவதுபோல் அது தோன்றும், படகின் உருவத்தையும் மறைக்கும். வீசப்பட்ட இரைமீன் பதற்றத்தில் படகின் நிழலை நோக்கி ஓடும், அதைத் துரத்திச் சூரையும் படகருகே வரும். மூங்கில் கழியின் முனையில் எதிர்முள் இல்லாத, பளபளக்கும் தூண்டில். கடித்த மீன் தலைக்கு மேலாகப் பறந்து வந்து தளத்தில் விழும்போதே கொக்கி தானாகக் கழன்றுவிடும். அடுத்த நொடி கழி மீண்டும் கடலில். வீசுவது செத்த மீனாக இருந்தால் இதெல்லாம் நடக்காது. அது மெதுவாக மூழ்கும், ஆர்வம் காட்டிய கூட்டமும் அதோடு ஆழத்துக்கு இறங்கிவிடும்.

அடியில் துளை போட்ட படகு ஏன் மூழ்குவதில்லை? தொட்டிக்கு முன்னும் பின்னும் நீர்புகாத குறுக்குச் சுவர்கள் உண்டு. உள்ளே ஏறும் நீர், வெளியே கடல் நிற்கும் மட்டம் வந்ததும் நின்றுவிடும். அந்த நடுப்பகுதி தன் மிதப்பை இழக்கிறது, அவ்வளவுதான். மற்ற அறைகளும் மரத்தின் மிதப்பும் சேர்ந்து படகைத் தாங்குகின்றன. ஆனால் மட்டம் சமமானால் நீரோட்டமும் நின்றுவிடுமே? அதற்குத்தான் இறைப்பு. உள்ளிருக்கும் நீரை ஆட்கள் ஓயாமல் இறைத்து வெளியே கொட்டுவார்கள். மட்டம் குறையக் குறைய அடித்துளைகள் வழியே புதுநீர் ஏறிக்கொண்டே இருக்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். ஜோன்ஸ், மினிக்காயின் இந்த இரைமீன் தொழிலைப் பற்றி 1958இல் ஆய்விதழில் விரிவாக எழுதினார். 1970களின் நடுவில் மாலத்தீவுத் தோணிகளில் எஞ்சின் புகுந்தது. பின்னாளில் கை இறைப்பின் இடத்தையும் தெளிப்பின் இடத்தையும் பம்புகள் பிடித்துக்கொண்டன.

இன்று சிறிய ஃபைபர் படகில் உயிர் இரைத் தொட்டி வைக்க நினைப்பவர் அடியில் துளை போட வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் 12 வோல்ட் பம்பும் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பழைய படகு தெரிந்துவைத்திருந்த ஒன்றைப் புதுத்தொட்டி அடிக்கடி மறந்துவிடுகிறது: மீன் உயிர் வாழ்வது தொட்டியின் கொள்ளளவால் அல்ல, அதன் வழியே ஓடும் நீரால்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம்தான். அதே ஒரு லிட்டர் காற்றில் இதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல் இருக்கிறது. நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும், உப்பு இருந்தால் இன்னும் குறையும். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். 200 லிட்டர் தொட்டியில் மொத்தம் 1,200 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குக் கீழே போனால் சிறுமீன் திணறத் தொடங்கும், ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 600. வலையில் பிடிபட்டுப் பதறிய மீன் கிலோவுக்கு மணிக்கு 800 மில்லிகிராம் சுவாசிக்கிறது என்று கொண்டால், 5 கிலோ இரைக்கு மணிக்கு 4,000 வேண்டும். கையிருப்பு ஒன்பதே நிமிடத்தில் தீர்ந்துவிடும்! தொட்டியை இருமடங்கு பெரிதாக்கினால் பதினெட்டு நிமிடம். கொள்ளளவைக் கூட்டி இந்தக் கணக்கை வெல்ல முடியாது. மணிக்கு 1,300 லிட்டருக்குமேல் புதுநீர் வந்தால், அதாவது ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் ஆறேழு முறை மாறினால், அதே 5 கிலோ நாள் முழுவதும் தாங்கும்.

பம்பு வாங்கும்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிவிடக் கூடாது. நீரை உயரத்துக்குத் தூக்காமல், முழு மின்னழுத்தத்தில் அளந்த எண் அது. தொட்டி உயரத்தில் இருந்தாலோ, ஓஸ் குழாய் வளைந்து நெளிந்து போனாலோ, பேட்டரி இறங்கினாலோ, வரும் நீர் கணிசமாகக் குறையும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்துத் தொட்டியின் வாயிலேயே அளப்பது மேல். படகின் அடிநீரை வெளியேற்றும் பம்பையே இதற்கும் பயன்படுத்துவது உண்டு. அது விட்டுவிட்டு ஓடத் தயாரானது, எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் சீக்கிரம் சூடேறிக் கெடும். தொட்டிக்கென்று தொடர்ந்து ஓடும் பம்புகள் தனியாகக் கிடைக்கின்றன. சுமார் 2 ஆம்பியர் எடுக்கும் சிறு பம்புகூட எட்டு மணி நேரத்தில் 16 ஆம்பியர்-மணி மின்சாரத்தைத் தின்றுவிடும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலேயே இதையும் மாட்டினால், இரை உயிரோடு இருக்கும், படகு கரைக்கு வராது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். உறிஞ்சும் வாய் பின்னால், எஞ்சின் கலக்கும் நுரைக்குப் பக்கத்தில் இருந்தால் ஓட்டத்தின்போது பம்பு காற்றை இழுக்கும். உறிஞ்சும் பக்கக் குழாயில் கசிவு இருந்தால் அதிலும் காற்று நுழையும். பம்பின் அழுத்தத்தில் அந்தக் காற்று அளவுக்கு மீறிக் கரைந்து, மீனின் ரத்தத்தில் குமிழியாகப் பிரியக்கூடும். குமிழி நிறைய வந்தால் நல்லது என்ற நம்பிக்கைக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. துறைமுகத்துக்குள் நுழையும்போது டீசல் படலம் மிதக்கும், முகத்துவாரத்தில் நன்னீர் கலந்திருக்கும். அங்கெல்லாம் வெளிநீரை நிறுத்திவிட்டு, உள்நீரையே சுழலவிட்டுக் காற்றூட்டி, வெளிக்கடல் வந்தபின் மறுபடி திறப்பதற்கு ஒரு வால்வு வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது எடை. 300 லிட்டர் கடல்நீர் 300 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது நான்கைந்து ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததற்குச் சமம். ஆனால் ஆட்கள் அலைக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அரைத்தொட்டி நீரோ படகு சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இந்தத் தளும்பலின் ஆபத்து தொட்டியின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே நீளவாக்கில் நடுவே ஒரே ஒரு தடுப்பு வைத்தால் அது கால்பங்காகக் குறைந்துவிடும். அதைவிட எளிய வழி, வழிவாயை மேல்விளிம்பில் வைத்து, மேலே கழுத்துபோலக் குறுக்கிய தொட்டியை எப்போதும் வாய்முட்ட நிரப்பி வைப்பது. தளும்ப இடமே இல்லாத நீர் படகையும் ஆட்டாது, மீனையும் சுவரில் மோதாது.

இவ்வளவும் செய்தபின்னும் காலையில் இரை செத்துக் கிடந்தால், பழி பெரும்பாலும் தொட்டிமேல் விழும். பல நேரம் உண்மையான குற்றவாளி, மீனைத் தொட்ட கை. கடல்மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உப்பு மிகுந்த வெளிநீர், மீன் உடலின் நீரை எந்நேரமும் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. செதிலும் அதன்மேலுள்ள வழுவழுப்பும்தான் தடுப்பு. காய்ந்த கையால் பிடித்தாலோ, முடிச்சு உறுத்தும் வலையில் அள்ளினாலோ அந்தத் தடுப்பு பெயர்கிறது. கடலின் நடுவே நீர் வற்றிச் சாகும் மீன் உடனே சாவதில்லை, சில மணி நேரம் கழித்துத்தான் சாகும். அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை.

மினிக்காயிலும் மாலத்தீவிலும் மிகவும் விரும்பப்படும் இரை, நெத்திலி அளவிலான வெள்ளிநிறச் சிறுமீன்கள். தொட்டாலே செதில் உதிரும் இனம். பவளப்பாறையை ஒட்டி வாழும் வேறு சில சிறுமீன்கள் தொட்டியில் கெட்டியாகத் தாங்கும், ஆனால் சூரையைக் கிளர்த்துவதில் வெள்ளிமீனுக்கு ஈடில்லை. நல்ல இரை எதுவோ அதுதான் முதலில் சாகிறது. ஹவாய்த் தீவின் சூரைப் படகுகள் நம்பியிருந்த 'நெஹு' என்ற நெத்திலி இனமும் இப்படித்தான் தொட்டியில் ஏராளமாகச் செத்தது. மென்மையான, முடிச்சற்ற அள்ளுவலை, முடிந்தால் நீரோடு சேர்த்து வாளியில் மாற்றுவது, கையே படாமல் பார்த்துக்கொள்வது என்பவை பம்பைவிட மலிவான முதலீடுகள்.

தொட்டிக்கு மூலைகள் கூடாது. கூட்டமாக நீந்தும் மீன் மூலையில் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி நிற்கும். உட்புறம் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்க, நீர் சுவரை ஒட்டிச் சாய்வாக நுழைந்தால் மெல்லிய சுழலோட்டம் உண்டாகும். மீன்கள் அதை எதிர்த்து ஒரே திசையில் நீந்தும். ஓட்டம் வேகமானால் களைத்துச் சாகும். இரவில் சிறு விளக்கு எரிய வேண்டும், இருட்டில் கூட்டம் கலைந்து சுவரில் மோதும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இணைப்புகளைத் தவிர்ப்பது நல்லது. கரையும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. புது ஃபைபர் தொட்டியின் ரசாயன நெடி போகும்வரை பலமுறை நீர்விட்டு ஊறவைத்துக் கொட்ட வேண்டும். இரைக்குத் தீனி போடுவது கருணைபோலத் தோன்றும். ஆனால் தின்ற மீன் செவுள்வழி கூடுதலாக அம்மோனியாவை வெளியேற்றும், கழிவும் சேரும்.

ஜப்பானியர் இந்தக் கலையை வேறோர் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். பிடித்த நெத்திலியை நேராகப் படகில் ஏற்றாமல், கரையோரக் கூண்டுகளில் சில நாட்கள் வைத்திருப்பார்கள். அடிபட்டவை அங்கேயே செத்துவிடும், தேறியவை மட்டும் ஏறும். 1970களில் தொட்டி நீரைக் குளிரவைக்கும் கருவிகளும் வந்தன. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம், மீனின் தேவையோ குறைவு; வெப்பமண்டலக் கடல்வரை இரையை உயிரோடு கொண்டுபோக அது வழிசெய்தது. சிறிய படகில் குளிரூட்டி வைக்க முடியாது. மூடியும், வெளிர்நிறப் பூச்சும், வெயில்படாத இடமும் வைக்கலாம்.

இரையை உயிரோடு காப்பது மீனவரின் வரவு செலவோடு நிற்கும் விஷயமும் அல்ல. தூண்டிலில் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் முறைக்காக மாலத்தீவுச் சூரைக்கு 2012இல் எம்.எஸ்.சி. நீடித்த மீன்வளச் சான்று கிடைத்தது. சூரையைத் தூக்குவதில் வேறு உயிர்கள் அதிகம் மாட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பவளத் திட்டுகளின் ஓரத்திலிருந்து சிறுமீன்கள் வலைவலையாக அள்ளப்படுகின்றன. அவற்றில் எத்தனை தூண்டிலுக்குப் பயன்படாமலே தொட்டியில் சாகின்றன என்பதைப் பொறுத்தே அந்த அள்ளலின் அளவு கூடுகிறது, குறைகிறது. பாதி செத்துவிடும் என்று தெரிந்த மீனவர் இருமடங்கு அள்ளுவார். மிச்ச இரையை மறுநாள் வரை காப்பாற்றத் தெரிந்தவர், அன்று வலையைத் தொடாமலே கடலுக்குப் போகலாம்.