பட்டாளத்திலிருந்து வந்தபின் குடும்பத்தோடு வெளிநாடு

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் முப்படைகளில் இருந்து வந்தவர்களைப் பார்க்கலாம். 18, 19 வயதில் சேர்ந்த சிப்பாய் 40 வயதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார். கையில் பென்ஷனும் கிராஜுவிட்டியும், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிய கம்யூட்டேஷன் தொகையும் இருக்கின்றன. பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில். உடம்பில் இருபது வருடம் உழைக்கும் தெம்பு மிச்சம். 'குடும்பத்தோடு வெளிநாடு போய்விடலாமா' என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறது. யாராவது ஒரு ஏஜென்ட் வாசலுக்கு வருவதும் அப்போதுதான்.

போகலாம். ஆனால் எது கூட வரும், எது ஊரிலேயே நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கூட வருவது பென்ஷன். 15 வருடம் பணி முடித்த ஜவானும் 20 வருடம் முடித்த அதிகாரியும் பெறும் பென்ஷன், அவர் வெளிநாட்டில் குடியிருப்பதால் மட்டும் நின்றுபோகாது. இப்போது ராணுவப் பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய ஏற்பாட்டின் வழியாக நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. வருடம் ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். பென்ஷன் நின்றுவிட்டது என்று பதறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சான்று போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். ஸ்பர்ஷில் பதிவான செல்போன் எண்ணைக் கைவிட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணுக்கு ஓடிபி வராவிட்டால் கணக்கைத் திறப்பதற்கே அலைய வேண்டியிருக்கும்.

வராதவை அதைவிட அதிகம். 2003-ல் தொடங்கிய ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தை நம்பி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியாது. கேண்டீன் கார்டு ஊரோடு சரி. பிள்ளைகளுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகை இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும். கல்லூரியிலும் அரசு வேலையிலும் முன்னாள் படைவீரர் என்ற முறையில் கிடைக்கும் ஒதுக்கீடு, இங்கே வந்து விண்ணப்பித்தால்தான் பயன்படும். ராணுவக் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு என்றால் என்னவென்றே பெரும்பாலும் தெரியாது. இருபது வருடம் எம்.ஐ. ரூமும் மிலிட்டரி ஆஸ்பத்திரியும் பார்த்துக்கொண்டன. அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ்வதற்கு முன், நான்கு பேருக்கான காப்பீட்டுத் தொகையையும் வீட்டு வாடகையையும் அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

ஊரில் நிற்கும் அப்பா, அம்மாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் உங்களைச் சார்ந்தவர்களாக ஈசிஎச்எஸ்ஸில் பதிவாகியிருந்தால், அந்த அட்டைகளைப் புதுப்பித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். எந்தப் பாலிகிளினிக், யாரிடம் ரெஃபரல் வாங்க வேண்டும் என்பதை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இதைச் செய்யாமல் போனால், அங்கே உட்கார்ந்துகொண்டு போனிலேயே தவிக்க வேண்டிவரும்.

அடுத்தது காகிதம். இந்தக் கரைக்கு அதில் பழைய வலி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களில் பலர் தூத்துக்குடி வழியாகத்தான் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துச் சோதித்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர்கள் ஆனார்கள். இன்னாருக்குப் பிறந்தவர், அங்கேயே பிறந்தவர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாததும் அதற்குப் பெரிய காரணம். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. குடும்பத்தோடு கடல் தாண்டுகிறவன் காகிதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் பக்கத்தில் இல்லை.

படைவீரர் வீட்டில் காகிதச் சிக்கல் வேறு வகையில் வருகிறது. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். படையின் ரெக்கார்ட் ஆபீஸில் அதை விரித்து எழுதுவார்கள், அல்லது பெயருக்குப் பின்னால் போடுவார்கள். மனைவி பெயரை வடநாட்டு எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று மூன்று பெயரோடு ஒரு பெண் நிற்பாள். பிள்ளையின் பிறந்த தேதி, படையில் குடும்ப விவரம் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். இந்தியாவுக்குள் இதை விளக்கிச் சமாளிக்கலாம். விசா அதிகாரிக்கு அது பொய்யாகத் தெரியும். நாளைக்குக் குடும்பப் பென்ஷன் கேட்கும்போது மனைவிக்கும் அதே முட்டுக்கட்டை வரும்.

ஆகவே முதல் வேலை, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பிறந்த தேதியையும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக்குவது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆள் பெங்களூருக்கும், கடற்படை மாலுமி மும்பை மான்குர்டுக்கும் எழுத வேண்டும். தூத்துக்குடியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருவார்கள். திருத்தம் ரெக்கார்ட் ஆபீஸில் ஏறி, அங்கிருந்து பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், ஸ்பர்ஷில் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை என்பதால் பணியில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

இனி எந்த நாடு என்ற கேள்வி. வளைகுடாவுக்குப் போவது வேறு, குடியேறுவது வேறு. துபாயிலோ தோஹாவிலோ கிடைப்பது வேலை இருக்கும்வரை தங்கும் உரிமை மட்டும். அமீரகத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் தேவை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. செக்யூரிட்டி வேலைக்குப் போகிற நம் ஆட்களில் பலருக்கு அது எட்டாது. எட்டினாலும் பள்ளிக் கட்டணம் சம்பளத்தை விழுங்கிவிடும். குடும்பத்தோடு நிலையாகப் போவதென்றால் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரியான நாடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே முதல் தடை வயது. ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாவுக்கு அழைப்பு வரும் நாளில் 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 20 முதல் 29 வயதுவரை முழு மதிப்பெண். அதற்குப் பிறகு வருடா வருடம் குறைந்து 45-ல் பூஜ்ஜியம். 40-ல் வெளியே வந்தவர் வீடு கட்டி, காதுகுத்து வைத்து, மெதுவாக யோசிக்கத் தொடங்கினால் கதவு மூடியிருக்கும்.

இரண்டாவது தடை படிப்பு. 15 வருடப் பணிக்காகத் தரப்படும் 'கிராஜுவேஷன் சான்றிதழ்' இந்தியாவில் சில அரசுப் பணிகளுக்கு உதவும். அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. வெளிநாட்டில் மதிப்பீட்டுக்கு அனுப்பினால் நிற்காது. பணியில் இருக்கும்போதே இக்னோ வழியாகவோ வேறு வழியிலோ உண்மையான பட்டமோ டிப்ளமோவோ வாங்கியவருக்குத்தான் வாய்ப்பு. காலாட்படைக்காரரின் பதினெட்டு வருட உழைப்புக்கு வெளிநாட்டு வேலைப் பட்டியலில் பெயரே இல்லை என்பது மனதைக் கஷ்டப்படுத்தும் விஷயம்தான். ஈ.எம்.இ. மெக்கானிக், சிக்னல்ஸ் டெக்னீஷியன், நர்சிங் அசிஸ்டென்ட், கடற்படை ஆர்டிஃபைசர் ஆகியோர் தங்கள் டிரேடைச் சிவில் தொழிலாகக் காட்ட முடியும். ஓய்வுக்கு முன் ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் தேர்வு செய்யும்போது இதை மனதில் வையுங்கள்.

இந்த இடத்தில் பல வீடுகள் பார்க்கத் தவறும் ஒன்று இருக்கிறது. மனைவி நர்ஸாகவோ ஆசிரியையாகவோ பட்டம் பெற்றவராக இருந்தால், முதன்மை விண்ணப்பதாரர் அவராகவே இருக்கட்டும். அவருக்கு வயதும் குறைவாக இருக்கும். நீங்கள் அவரைச் சார்ந்தவராகப் போகலாம். கமாண்ட் செய்து பழகிய ஆளுக்கு இது முதலில் ஒட்டாது. இருபது வருடம் உங்கள் போஸ்டிங்குக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது அவர் முன்னே நடக்கட்டும்.

குடியேற்ற விண்ணப்பத்தில் ராணுவப் பணியைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதற்கென்றே படிவம் வைத்திருக்கின்றன: எந்தப் படை, எந்த ரேங்க், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எங்கே. காஷ்மீரிலோ வடகிழக்கிலோ இருந்தவருக்குக் கூடுதல் கேள்வி வரலாம். எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு, அந்தப் படையையே பழித்து எழுதிக் கனடா விசா மறுத்தது. 2010-ல் அது வெளியே வந்து, இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தபின் கனடா அரசு வருத்தம் சொன்னது. இதைக் கேட்டுப் பயந்து, ஏஜென்ட் பேச்சை நம்பி, பணியை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் குடும்பம் முழுவதற்கும் கதவு சாத்தப்படும். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள தேதிகளை அப்படியே எழுதுங்கள். அதற்கு மேல் ஆபரேஷன் விவரமோ, ஆயுத விவரமோ, தளத்தின் அமைப்போ யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அலுவலக ரகசியச் சட்டம் சீருடையோடு கழன்றுவிடுவதில்லை.

வேலை கொடுப்பவர் யார் என்பதையும் அதே கண்ணோடு பாருங்கள். கத்தாரில் ஒரு தனியார் பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் வேலை பார்த்த நமது முன்னாள் கடற்படையினர் 8 பேர் 2022 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார்கள். 2023 அக்டோபரில் மரண தண்டனை. அது டிசம்பரில் குறைக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் விடுதலை ஆனார்கள். அனுபவமுள்ள அதிகாரிகளுக்கே அந்த நிலை. ரஷ்ய ராணுவத்தில் உதவியாளர் வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டதும், சிலர் உயிரிழந்ததும் 2024-ல் நாடறிந்த செய்தி. 'எக்ஸ் சர்வீஸ்மேன் மட்டும்' என்று வெளிநாட்டு வேலை விளம்பரம் வந்தால், ஏன் என்று கேளுங்கள். இன்னொரு நாட்டு அரசின் கீழ் வேலை என்றால் இந்திய அரசின் அனுமதி தேவையா என்பதற்கு ரெக்கார்ட் ஆபீஸிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேற்றுநாட்டுக் குடியுரிமை வாங்கும் நாள் வந்தாலும் அப்படித்தான். பென்ஷனும் ஈசிஎச்எஸ்ஸும் என்ன ஆகும் என்பதற்கு எழுத்தில் பதில் வந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடற்படையிலிருந்து வந்தவருக்குத் தூத்துக்குடியில் இன்னொரு வழி தெரியும். 2022-ல் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், கடற்படைப் பயிற்சியையும் கடல் அனுபவத்தையும் வணிகக் கப்பல் சான்றிதழ்களுக்குக் கணக்கில் எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மீதமுள்ள கோர்ஸ்களை முடித்து, சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவேட்டை வாங்கிக் கப்பலேறலாம். குடும்பம் ஊரிலேயே இருக்கும், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம், ஈசிஎச்எஸ் கைவிட்டுப் போகாது. குடியேற்றம் இல்லைதான். ஆனால் 42 வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் பலருக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து.

பணத்தில் மூன்று விஷயம். வேலைக்காக வெளிநாடு போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பென்ஷன் அதில் வரலாம். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்து, அவளும் வெளிநாட்டில் வசிப்பவள் ஆகிவிட்டால் அதை முடித்துவிட வேண்டும். கையில் இருக்கும் மானாவாரி நிலத்தையும் பனங்காட்டையும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்.ஆர்.ஐ. ஆனபின் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அதனால் விற்றுவிட்டுப் போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு, வெளிநாட்டில் இருக்கும்வரை பலிக்காது.

2022-ல் வந்த அக்னிபத் வழியாகச் சேர்ந்து நான்கு வருடத்தில் வெளியே வரும் தம்பிகளுக்கு இந்தக் கட்டுரையின் முதல் பாதி பொருந்தாது. அவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, ஈசிஎச்எஸ்ஸும் இல்லை. இருப்பது வயது. அதை வைத்துப் படித்துவிட்டுப் போகட்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் கம்யூட்டேஷன் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தொகைக்காக உங்கள் மாதப் பென்ஷனில் 15 வருடம் பிடித்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

வயது 42-க்குள், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்காவது மதிப்பிடக்கூடிய பட்டமோ தொழிலோ இருந்தால், இந்த வருடமே தொடங்குங்கள். 45 தாண்டி, இருவருக்கும் அது இல்லை என்றால், நிலத்தை விற்று ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டாம். எந்தப் பக்கம் இருந்தாலும், நாளைக் காலையில் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து, மனைவி பெயரும் பிள்ளைகளின் பிறந்த தேதியும் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.