கிட்னியும் கடைச் சாப்பாடும் – 9: சீஸ் உருகும் ரகசியம்

போன வாரம் உப்பு. நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸில் விழும் ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸே அதில் ஏறக்குறைய பாதி. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் பொட்டாசியமும் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு சீஸ் ஸ்லைஸ் உறையைத் திருப்பிப் பார்த்தது வினையாகிவிட்டது.

சாதாரண சீஸைச் சூடாக்கினால் எண்ணெய் தனியே கக்கும், மிச்சம் ரப்பராகத் திரளும். பர்கருக்குள் இருப்பது மட்டும் எப்படி வழவழவென்று உருகி நிற்கிறது? 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர் சீஸ் நெடுநாள் கெடாமலிருக்க வழி தேடி, சோடியம் சிட்ரேட் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். பால் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தை அந்த உப்பு உருவிவிடுகிறது. கட்டு அவிழ்ந்த புரதம் கொழுப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. என்ன மூளை! பின்னால் வந்தவர்கள் அதே வேலைக்குப் பாஸ்பேட்டையும் இறக்கினார்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சிக்கல் அங்கேதான். பருப்பிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஃபைட்டேட்டாக இருப்பதால் குடல் பொதுவாகப் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சும். சேர்மானமாக வரும் பாஸ்பேட்டிலோ 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே போய்விடும். வெளியேறாமல் தேங்கினால் எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் கால்சியம் படியும், உடம்பு அரிக்கும். பருப்பைப் பயந்து ஒதுக்கிவிட்டு நக்கெட்ஸ் தின்பவர்களை என்னவென்று சொல்ல!

பாக்கெட்டில் அளவு பெரும்பாலும் இருக்காது, எண்தான் இருக்கும்: 338 முதல் 341 வரை, பிறகு 450, 451, 452. இதில் 338 என்பது பாஸ்பாரிக் அமிலம், கறுப்பு கோலாவின் சுருக்கென்ற புளிப்பு. பிரியாணி செரிக்கக் கோலா குடிக்கும் மாமாவிடம் பாட்டிலைத் திருப்பிக் காட்டினேன். கிரியாட்டினின் ஏறியவர். “இதுல உப்பே இல்லையேப்பா” என்றார். போன வாரக் கட்டுரையை ஒழுங்காகப் படித்திருக்கிறார், வேறென்ன!

2009-இல் வெளியான ஓர் ஆய்வு: அமெரிக்காவின் ஒஹையோவில் 279 டயாலிசிஸ் நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு, மளிகைக் கடையிலும் ஃபாஸ்ட் ஃபுட் கடையிலும் பாஸ்பேட் சேர்த்த பண்டங்களைத் தவிர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். புது மருந்தெல்லாம் இல்லை. 3 மாதத்தில் அவர்களின் ரத்தப் பாஸ்பரஸ், மற்றவர்களைவிட டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது.

கவுன்ட்டரில் உறையைக் கேட்டு வாங்கிப் படிக்க முடியாது. “சீஸ் வேண்டாம், கோலா வேண்டாம்” என்று சொல்ல முடியும். ஃப்ரோசன் ஃப்ரைஸ் கறுக்காமலிருக்க அதிலும் 450 சேர்ப்பதுண்டு, ஆக உருளைக்கிழங்கில் பாதியை இப்போதே சொல்லிவிட்டேன். வேகவைத்து நீரை வடித்தால் பொட்டாசியம் குறையும் கதையும், டயாலிசிஸ்காரர்கள் தொடவே கூடாத ஸ்டார் ஃப்ரூட்டும் அடுத்த வாரம்.

(தொடரும்)